புல் வெட்டும் மெஷின்

செம்பூரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் உண்டு. மழைக்காலத்தில் அதில் கணுக்கால் மறையப் புல் மண்டிவிடும். புல் வெட்டும் மெஷின் வாங்கக் காட்கோபருக்குப் போனேன். பெட்ரோலில் ஓடுவது தோளை இழுத்தது. பேட்டரியில் ஓடுவது இலேசாக இருந்தது. அதில் கத்திக்குப் பதிலாக நைலான் நரம்பு சுழலும்.

"சுவரோரம் வரைக்கும் வெட்டுமா?" என்று மூன்று முறை கேட்டேன்.

"ஏக்தம் சாஃபா வெட்டும், சார்" என்றார் கடைக்காரர்.

சுத்தமாகத்தான் வெட்டியது. மறுநாள் காலையில் பத்தே நிமிடத்தில் தரை மொட்டையானது. பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. சுவரோரம் இருந்த அருகம்புல் எங்கே?" என்றாள்.

மெஷினைக் கோபித்து என்ன பயன்? சாயங்காலம் மாட்டுங்கா பூக்கடையில் வரிசையில் நின்று, ஒரு கட்டுப் புல் வாங்கி வந்தேன்.