பூதக்கண்ணாடி மாமாவின் ஆந்தை

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படமும் அடையாள அட்டைப் படமும்தான் பிழைப்பு. காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. நாள் முழுக்க ஜனங்களின் முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குறை தேடுகிறவருக்குக் கடையைச் சாத்திய பிறகும் அந்தப் புத்தி போகாது. அக்கா புதுச் செருப்பு போட்டால் "எங்க கிளம்பிட்டே?" என்பார். நான் சும்மா வீட்டுக்குப் போனால் "என்ன விஷயம்?" என்பார். விஷயம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் ஓர் ஆந்தை. மலைமேல் ஒரு பட்ட மரத்தின் பொந்தில், இலைகள் மஞ்சளாகத் தொடங்கும் நாட்களில் வந்து குடியேறும். பகலில் பொந்து வாசலில் உட்கார்ந்து வெயில் காயும். அந்த இடம் அவருக்குத் தெரியும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாததால் எனக்கும் தெரியும். ஆள் நடமாட்டம் வந்தால் ஆந்தை இடத்தைக் காலி செய்துவிடும், அப்புறம் திரும்பாது என்பது அவருடைய பயம். நியாயமான பயம்தான்.

போன வருஷம் அந்த ஆந்தையின் முகத்தைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டினார். மரப்பட்டை, கிளை, இலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்து, பாஸ்போர்ட் படம் மாதிரி பின்னால் வெறும் வெள்ளை வைத்தார். "இதை வெச்சு எவன் இடத்தைக் கண்டுபிடிக்கிறான்னு பார்த்துடலாம்" என்று பெருமை வேறு.

இந்த வருஷம் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் படம் எடுக்க வந்தவர், தலையை வாரிக்கொண்டே, "அந்த ஆந்தை மலைமேலதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டார். மாமாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எப்படித் தெரியும் என்று அவரையே கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் அவர். மிச்சம் யார் என்று கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். காரில் ஏறியதும் கையை நீட்டினார்.

"மாப்ளே, உன் போனைக் கொடு."

வாங்கிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"யாராவது கூப்பிட்டா எனக்குக் கேக்காதே மாமா."

"அதுக்குத்தான்."

வழியெல்லாம் குறுக்கு விசாரணை. நடுநடுவே பின்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பியிருந்தது. சாலையோரம் ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது. மாமா சத்தமில்லாமல் இறங்கி மண்டியிட்டார். மான் தலையைத் தூக்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுத்தார். அந்த நேரத்தில் அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல இருந்தது. திரும்பி வந்ததும், "உன்னைப் பார்த்து அது பயப்படவே இல்லையே. இங்க அடிக்கடி வருவியா?" என்றார்.

காரை நிறுத்திவிட்டு நடந்து மேலே ஏறினோம். பொந்துக்கு நேர் எதிரே, நடுவில் இரண்டாகப் பிளந்த பெரிய பாறை நிற்கிறது. பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மாமா படம் எடுப்பார். பாறை படத்தில் விழுந்தால் ஊரில் யாருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பார்.

பாறை தாண்டியதும் ஈர மண்ணில் ஷூ தடம். மாமா என்னை நிறுத்தினார்.

"ஷூவைக் கழட்டு."

"மாமா, இது அநியாயம்."

"கழட்டுன்னா கழட்டு."

வாங்கித் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அப்போதும் சமாதானமாகவில்லை. "உனக்கு வேற ஷூ இருக்கில்ல?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவருக்காக வருஷா வருஷம் தூக்கம் கெட்டு வண்டி ஓட்டுகிறேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மரத்தடியில் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார், கழுத்தில் புதுக் கேமரா. பொந்தை மறைத்த கிளை வெட்டுப்பட்டுக் கீழே கிடந்தது. பொந்து காலியாக இருந்தது.

"வாங்க வாங்க," என்றார், சங்கடமாக. "போன வாரம் வந்தப்ப இருந்துச்சு சார். கிளை மறைச்சுதேன்னு வெட்டினேன். அப்புறம் ரெண்டு தடவை வந்துட்டேன், காணோம்."

மாமா அவரைத் திட்டவில்லை. என்னைச் சுட்டிக்காட்டி, "இவன்தானே இடத்தைச் சொன்னான்?" என்றார்.

"இவரா? இவர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே. உங்க படம்தான் சார் சொல்லுச்சு."

தன் போனில், கடை முகப்பில் தொங்கும் படத்தை எடுத்து வைத்திருந்தார். ஆந்தையின் கறுத்த கண்ணை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். அந்தக் கண்ணுக்குள் வானமும், அதன் கீழே இரண்டாகப் பிளந்த பாறையும், பாறைக்கு முன்னால் கேமராவோடு குனிந்த ஒரு சின்ன உருவமும் தெளிவாகத் தெரிந்தன.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஊரில் ஒருத்தன் மூக்குக் கண்ணாடியில் விளக்கு மின்னினால் கழற்றச் சொல்கிறவர் அவர். காலிப் பொந்தை வெகுநேரம் பார்த்தார். படம் எடுக்கவில்லை. இறங்கும்போது டப்பாவைத் திறந்து என் போனைத் துடைத்துக் கொடுத்தார். வழியில் பின்கண்ணாடியைத் தொடவில்லை. நேராகக் கடைக்கு விடச் சொல்லி, முகப்பிலிருந்த படத்தைக் கழற்றினார். அது தனியாளால் தூக்க முடியாத கனம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கோபம் இருந்தது, ஆனாலும் பிடித்தேன்.

வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள்.

"ஆந்தை இருந்துச்சா?"

"போயிடுச்சு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமா அவள் மனசிலும் என்மேல் சந்தேகத்தை ஏற்றி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "யாரு காட்டிக்கொடுத்தது?" என்றாள்.

மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான்தான்."