அடுப்படிக்குள் முடியும் ஓடுதளம்

போர்க்காலத்து இடங்களைத் தேடிப் போகும் பைத்தியம் எனக்குக் கல்லூரியில் பிடித்தது. ஞாயிறு வந்தால் ஆனையூரிலிருந்து வண்டியை எடுத்துவிடுவேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளும் உடைந்த சிமெண்டும்தான். திரும்பும்போது முதுகு விட்டுப்போகும். அடுத்த ஞாயிறும் கிளம்புவேன்.

போன கோடையில் போனது, உலகப்போரின்போது வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்ட ஓர் ஓடுதளத்துக்கு. ஊர்ப்பெயர் வேண்டாம். இப்போது அதன்மேல் மிளகாய் காய்கிறது, ஆடு படுக்கிறது. அகலத்தை அளக்க டேப் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கத்து விளிம்பு தெளிவாக இருந்தது. மறுபக்கம் மண்ணுக்குள் இறங்கி, காலனி வீடுகளின் பக்கம் மறைந்தது.

டேப்பைப் பார்த்ததும் ஓரத்து வீட்டுக்காரர் வேகமாக வந்தார்.

“சார், சர்வே ஆபீஸா?”

“இல்லண்ணே. இந்த எடத்தோட வரலாறு. இன்டர்நெட்டுல போடுறதுக்கு.”

“அதுக்கா இம்புட்டு வெயில்ல அலையுறீங்க? வீட்ல வையமாட்டாங்களா?” என்றபடி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டே சொன்னார். அவருடைய தாத்தா இந்தத் தளத்துக்குக் கல் உடைக்க வந்தவர். போர் முடிந்து எல்லோரும் போனபின் இங்கேயே குடிசை போட்டார். அது இன்று ஓட்டு வீடு, ஆனால் பட்டா கிடையாது. தளம் ராணுவ நிலம். வீடு அதற்கு வெளியே இருக்கிறது என்று முடிவானால்தான் பட்டா. மறுபடி அளக்க வரப்போகிறார்களாம்.

“உள்ள வந்து மோர் குடிச்சிட்டு அளங்க தம்பி,” என்று அவர் மனைவி கூப்பிட்டார். தாகத்தில் நேராக அடுப்படிவரை போய்விட்டேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் சாணி மெழுகியது பெயர்ந்திருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் பழைய சிமெண்டு, கோடு போட்டதுபோல் நேராக முடிந்தது. மண்டியிட்டேன்.

“அண்ணே, விளிம்பு! இங்கதான் முடியுது!”

போனை எடுத்து ஒரு போட்டோவும் எடுத்தேன். அந்த அக்கா சாக்கு ஒன்றை இழுத்து அதன்மேல் போட்டார்.

“எங்களுக்குத் தெரியும் தம்பி. அளக்க வர்ற ஆபீசருக வாசல்லயே நின்னுக்குவாங்க. எங்க வீட்டுல தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டாங்க. அதனால அடுப்படிய ஒருத்தரும் பாத்ததில்ல.”

“இவரு மோரு குடிக்க வந்துட்டாரு, என்ன செய்ய,” என்றார் அண்ணன். சிரித்தார், ஆனால் கண் என் போனிலேயே இருந்தது.

அவர்கள் முன்னாலேயே போட்டோவை அழித்தேன்.

“அழிச்சது இன்னொரு பக்கம் கெடக்கும்ல,” என்றார் அக்கா. “அதையும் அழிச்சிருங்க.”

அதையும் அழித்தேன். மோர் நன்றாக இருந்தது. இன்னொரு செம்பு கொடுத்தார்கள்.

என் இணையப் பக்கத்தில் அந்தத் தளத்துக்கு அகலம் போடவில்லை. கேட்பவர்களிடம் ஒரு விளிம்பு கிடைக்கவில்லை என்கிறேன். சென்ற மாதம் அண்ணனிடம் பேசினேன். அளந்துவிட்டுப் போனார்களாம், வாசலில் நின்றுதான். பட்டா இன்னும் வரவில்லை. மறுபடியும் வருவார்களாம்.