மேம்பாட்டு நோட்டு

என் அக்கா புருஷனை ஊரில் எல்லோரும் சூப்பரின்டெண்ட் என்றுதான் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அந்த நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் நாற்காலி அவரை விட்டு இறங்கவில்லை. சாம்பார் வைப்பதிலிருந்து சாகுபடி வரை அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தெரிந்த விஷயம் என்று பார்த்தால், அதுவும் கிடையாது.

அவர் அப்பா விட்டுப்போன ஒரு பழைய கார் இருந்தது. வெண்ணெய் நிறம், உருண்டை முன்விளக்கு, ஐம்பது வயசு. அதற்கு ஒரு வியாதி. காலையில் கிளம்பும், இரண்டு தெரு ஓடும், சூடானதும் நடுரோட்டில் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இருபத்தாறு வருஷமாக வண்டி ஒயரோடுதான் பிழைப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் பானெட் திறந்திருந்தது, எட்டிப் பார்த்தேன். "தம்பி, இது பழைய வண்டி. ஒயர்காரங்க கை வைக்கிற சாமான் இல்ல," என்றார். பக்கத்து வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னார். நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு பார்வையிலேயே வியாதி எது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த மாதிரிக் காரில், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகிற மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்ப ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டு இருக்கும். ரெசிஸ்டர் என்போம். அது வேலை செய்யும்போது சுடத்தான் செய்யும். சூப்பரின்டெண்ட் ஒருநாள் அதைத் தொட்டிருக்கிறார், விரல் சுட்டிருக்கிறது. சுடுகிற சாமான் கெட்ட சாமான் என்று தீர்மானித்து, கழற்றி எறிந்துவிட்டு, ஒரு சாண் சிவப்பு ஒயரால் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டார். முழு மின்சாரமும் பாய்ந்ததில் வண்டி அரைச் சுற்றிலேயே கிளம்பியது, மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து காயில் வெந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் தேடினாரே ஒரு தேடல்! ஆபீஸ் பழக்கத்தில் காருக்கு இரண்டு நோட்டு வைத்திருந்தார். ஒன்று 'பழுது', இன்னொன்று 'மேம்பாடு'. பாயிண்ட் கருகியது, பழுது. கண்டென்சர் மாற்றியது, பழுது. பிளக் நாலும் புதுசு, காயில் ஐந்தாவது, எல்லாம் தேதியோடு பழுது நோட்டில் இருந்தன. சிவப்பு ஒயர் மட்டும் மேம்பாட்டு நோட்டில், முதல் பக்கத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது. பழுதைத் தேட ஒருவன் மேம்பாட்டு நோட்டை எதற்குத் திறப்பான்? இந்த மூளைக்கு ஒரு பதவி, அதற்கொரு வழியனுப்பு விழா வேறு.

இதில் அக்காவுக்கு வேலை சாவி போடுவது. அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு "போடு" என்பார், போடுவாள். "நிறுத்து" என்பார், நிறுத்துவாள். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். போன மாசம் கூடத்தின் பொறுப்பாளர் பதவிக்கு நேர்காணல் வந்தது. காலை பத்து மணி. இந்தத் தடவை விட்டால் வயசு தாண்டிவிடும், இனிக் கூப்பிட மாட்டார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றிருக்கிறாள். பொறுப்பாளராகப் போகிறவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதா என்று இவர் காரை எடுத்திருக்கிறார். காலையிலேயே சண்டை வேண்டாம் என்று அவளும் ஏறிவிட்டாள்.

ஒன்பதரைக்கு போன். "மேம்பாலத்து நடுவுல நிக்கிறோம்டா. வண்டிய ஆறவும் விடாம சாவி போடச் சொல்லிட்டே, ரெண்டு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு இருபது நிமிஷமாச்சு. இங்க எந்த ஆட்டோவும் நிக்க மாட்டேங்குது. நீ வந்து என்னைக் கொண்டு விட்டுடு."

ஸ்கூட்டரில் பறந்தேன். போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஆஸ்பத்திரி அங்கிருந்து ஏழு நிமிஷம். அக்கா மடியில் ஃபைலோடு டிரைவர் சீட்டில் இருந்தாள், கை சாவியில் இருந்தது. அவர் முகமெல்லாம் கரி.

"தம்பி... கொஞ்சம் பாக்குறியா?" என்றார்.

மூன்று வருஷம் காத்திருந்த வார்த்தை. காது குளிர்ந்தது.

"ஒரு நிமிஷம்க்கா," என்றுவிட்டு டூல் பெட்டியைத் திறந்தேன். ஈரத்துணியைக் காயில்மேல் போட்டேன். சிவப்பு ஒயரைப் பிடுங்கி அவர் மூக்குக்கு நேரே ஆட்டினேன். "இதான் அத்தான் உங்க மேம்பாடு!" பெட்டியிலிருந்து ரெசிஸ்டரை எடுத்து நிதானமாகத் திருகினேன். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருந்தது.

"சாவி போடுக்கா!"

முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் மணியைப் பார்த்தாள். பத்து பதினஞ்சு.

"எப்படிடா வந்த உடனே கண்டுபிடிச்ச?"

"உடனேயா? மூணு வருஷமா தெரியும். இந்த ரெசிஸ்டர் அப்ப வாங்கி பெட்டில போட்டது. இவரு வாயால கேக்கட்டும்னு இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அக்கா எஞ்சினை நிறுத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சூப்பரின்டெண்டை எந்தக் கண்ணால் பார்ப்பாளோ, அதே கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

இறங்கி வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். "இனிமே நீ உக்காந்து சாவி போடு. அவரு பானெட்டுக்குள்ள இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் பொருத்தமாத்தான் இருக்கும்."

ஃபைலை இடுக்கிக்கொண்டு பாலத்து ஓரமாக நடந்தாள். பக்கத்தில் அத்தான் கைக்குட்டையால் கரியைத் துடைத்துக்கொண்டு, "போடு தம்பி, ஒருதடவை பாத்துடுவோம்," என்றார்.