மாடு இறங்க ஒரு வழி

ஈரச் சிமெண்டின்மேல் கம்பித் துண்டை வைத்து அந்தக் கைகள் கோடு கிழித்துக்கொண்டிருந்தன. ஒரு கோடு, ஒரு சாண் இடம் விட்டு இன்னொரு கோடு. கோடு ஆழமாக விழ வேண்டும், ஓரம் உதிரவும் கூடாது. உதிர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிச் சரிசெய்துவிட்டுக் கைகள் ஒரு முழம் கீழே நகர்ந்தன. மேலே, முதல் மாடி வராந்தாவில், ஒரு செவலைப் பசு நின்று அசைபோட்டபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்திருந்தன. கழுத்தில் கட்டிய சாமந்திச் சரத்தில் பாதியை அதன் கன்றே தின்றிருந்தது. பசுவின் முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்து ஈ மொய்த்தது.

கைகள் முனுசாமி மேஸ்திரியுடையவை. பசு அவர் மனைவி செல்வியுடையது. பசு மாடிக்கு ஏறி ஒரு ராத்திரி ஆகிவிட்டது. காலை ஒடித்துக்கொள்ளாமல் அது கீழே வந்து சேர வேண்டும்.

முனுசாமி எளாவூர்ப் பக்கத்து ஆள். யாரிடமும் கைகட்டி நின்று தொழில் படித்தவரில்லை. சிப்காட்டில் கம்பெனிகள் எழும்பிய காலத்தில் கலவை சுமக்கப் போனவர், சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் படுத்துத் தூங்க, பூசிய சுவர்களைத் தடவித் தடவியே வேலையைக் கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றதில் ஒரு கெடுதல் இருந்தது. கைக்கு அகப்பட்ட சுவர்களில் பெரும்பாலானவை மோசமான சுவர்களாகவே இருந்ததால், உலகத்தில் எவனுக்கும் எதுவும் தெரியாது என்ற முடிவுக்கு மீசை அரும்புமுன்பே வந்துவிட்டார். என்ஜினியர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். டைல்ஸ் ஒட்டுகிறவர்களை மேஸ்திரி என்று யாராவது கூப்பிட்டால் காறித் துப்புவார். காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத் திசை பார்க்கும் வாஸ்துக்காரரிடம், வடக்கு அந்தப் பக்கம்தான், நேற்றும் அங்கேதான் இருந்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவருடைய இளக்காரத்தில் சிங்கப் பங்கு பூவராகவனுக்குத்தான். ஊத்துக்கோட்டைப் பக்கம் அப்பன் விட்டுப்போன நெல் வயலில் பாதியை விற்றுவிட்டு, வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு செல்போன் போட்டுக்கொண்டு புரோமோட்டர் ஆனவர் பூவராகவன். ரயிலடிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தனியார் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. டாக்டர் இறந்ததும் பிள்ளைகள் அதைக் கைகழுவிவிட்டார்கள். பூவராகவன் அதை வாங்கி, வார்டுகளுக்கு நடுவே சுவர் வைத்துப் பிரித்து, கம்பெனி ஆட்களுக்கு வீடுகளாக விற்கக் கிளம்பினார். ‘வராகா ரெசிடென்சி’ என்று பெயர்ப்பலகை ஏறியது. ஆஸ்பத்திரி வாடை துளி கூட இருக்கக் கூடாது என்பது உத்தரவு. பச்சைச் சுவர்கள் சந்தன நிறமாயின. எக்ஸ்ரே பிலிம் கழுவிய ஜன்னல் இல்லாத இருட்டறை பூஜை அறை ஆனது. பிணம் போட்டு வைத்த அறையில் ஜெனரேட்டர் வந்தது. சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் பிறந்த இடம் அது, இன்னொரு பாதிக்கு அப்பனோ பாட்டனோ செத்த இடம். அது ஆஸ்பத்திரியே இல்லை என்று அந்த ஊரையே நம்பவைத்துவிடலாம் என்று பூவராகவன் நினைத்ததுதான் முனுசாமிக்குச் சிரிப்பு.

கடைசியில் மிஞ்சியது அந்தச் சரிவு. ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போவதற்காக போர்ட்டிகோவிலிருந்து மாடி வார்டுவரை அகலமாக, சக்கரம் வழுக்காமல் கோடு போட்டுக் கட்டிய சிமெண்டுச் சரிவு.

“இத்தப் பாத்தாலே வாங்க வர்றவன் மூஞ்சி மாறிப்போவுது மேஸ்திரி,” என்றார் பூவராகவன். “ஒடைச்சுத் தள்ளிட்டு ஒரு படி போடு. கருப்பு கிரானைட்ல, பளபளன்னு.”

முனுசாமி உடைத்தார். சரிவு சுலபத்தில் உடையவில்லை. கட்டியவன் எவனோ வேலை தெரிந்தவன்தான் என்று, அவர் வாயிலிருந்து யாரும் கேட்டறியாத ஒரு சொல்லைக்கூட அன்றைக்குச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் சம்மட்டியை ஓங்கினார். இடிந்த கட்டிகளைக் காம்பவுண்டுக்குப் பின்னால் கொட்டினார்கள். சரிவு இருந்த இடத்தில் ஒரு கடைக்கு ஒதுக்கியதுபோக மிச்சத்தில் படி செங்குத்தாக எழும்பியது. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மெருகு. முனுசாமிக்கே அதில் பெருமை இருந்தது. மூங்கில் ஏணியைச் சாய்த்த மாதிரி இருக்கிறது என்று ஒரு சித்தாள் சொன்னபோது அவளை முறைத்தார்.

பலகை மாறியும் வீடு வாங்க வந்தவர்கள் தயங்கினார்கள். ஓனர் வீட்டு ஆளே குடிவந்தால் ஊர் வாய் அடங்கும் என்று பூவராகவன் தம் தாயார் ஜானகியம்மாளை மாடி வீட்டில் குடிவைக்க ஏற்பாடு செய்தார். முட்டிவலிக்காரியான அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“எத்தினி உசுரு போன எடம். பசு உள்ள போயி சாணி போட்டு, கோமியம் வுட்டாதான் நான் கால வெப்பேன். வாசல்ல கட்டிட்டு ஏமாத்தலாம்னு பாக்காத நைனா.”

பசுவுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. செல்வி ஊத்துக்கோட்டைச் சந்தையில் வாங்கிய செவலை, புதுமனை புகுவிழாக்களுக்குப் போயே அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியிருந்தது. மாசக்கணக்கில் வெயிலில் நின்று கட்டியவனுக்கு ஒரு துண்டு போர்த்த யோசிக்கிறவர்கள், ஒரு சுற்று நடந்துவிட்டுப் போகும் மாட்டுக்காக செல்விக்குப் புடவை வைத்துக் கொடுத்தார்கள். இதிலும் முனுசாமிக்கு இளக்காரம் உண்டு. ஆனால் வீட்டில் உலை கொதிப்பது பாதி அந்த மாட்டால்தான் என்பதால் வெளியே சொல்வதில்லை.

அன்றைக்கு விடியலில் செல்வி கன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, பசு தலையைத் தூக்கியபடி பின்னால் ஏறியது. வீட்டை வலம்வந்தது. நடுக்கூடத்தில் தாராளமாகச் சாணி போட்டது. பூவராகவன் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஜானகியம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பால் பொங்கியது. கேசரி சாப்பிட்டார்கள்.

பிறகு மாட்டை இறக்கப் பார்த்தார்கள். மாடு படி ஏறும், இறங்காது. மாடு வளர்க்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி இது. அன்றைக்கு அங்கே கூடியிருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் மாடு வளர்த்தவர்கள். ஒருவருக்கும் காலையில் அது உறைக்கவில்லை. வயல்காரர் மகன் பூவராகவனுக்கும் உறைக்கவில்லை, சொந்த மாட்டைச் சொந்தப் படியில் ஏறவிட்டு நின்று பார்த்த முனுசாமிக்கும் உறைக்கவில்லை.

கன்றைக் கீழே கொண்டுபோய்க் காட்டினால் தாய் இறங்கிவிடும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். கன்று கத்தியது. பசு பதறி முன்னங்காலைக் கிரானைட்டில் வைத்தது. குளம்பு வழுக்கி முட்டி போட்டு விழுந்தது. பின்னால் நின்றவர்கள் வாலையும் கயிற்றையும் பிடித்து இழுத்ததில் எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது. கருப்புக் கல்லில் ரத்தம் நீளமாகத் தீற்றியிருந்தது. செல்வி கன்றை மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டு போய்த் தாயிடம் விட்டாள்.

பூவராகவன் இரண்டு செல்போனிலும் பேசினார். கம்பெனியிலிருந்து கிரேன் வரவழைத்து வயிற்றில் பெல்ட் போட்டு இறக்கிவிடலாம் என்றார்.

“தூக்கி எறக்கு,” என்றாள் செல்வி. “ஒதறிக்கினு வுழுந்து கால் ஒடிஞ்சா, அறுக்கறவன் கிட்டதான் நான் அத்தக் குடுக்கணும். அந்தப் பாவத்துக்கும் சேத்து இன்னொரு பசு உள்ள வந்து சாணி போடுமா இன்னா?”

அதற்கப்புறம் கிரேன் பேச்சு எழவில்லை. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நம்ம பெரியவ பொறக்கறப்ப என்னிய அந்தச் சரிவுலதான்யா தள்ளிக்கினு போனாங்க. நீயும் கூடவேதான் ஓடியாந்தே. அத்த ஒடைச்சுட்டு வந்து பளபளன்னு படி கட்டியிருக்கேன்னு எங்கிட்டயே பீத்திக்கினியே.”

ஊரில் எவனுக்கும் எதுவும் தெரியாது என்ற கணக்கில் முனுசாமி தம்மையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

மாடு மாடியிலேயே தங்கியது. பூவராகவனின் வயலிலிருந்து வைக்கோல் வந்தது. புது டைல்ஸில் மாடு கேட்காமலே சாணி போட்டது. ஜானகியம்மாளும் மாடியிலேயே மாட்டிக்கொண்டாள். ஏறும்போது நாற்காலியில் கால் தொங்கப் போனதை ஊரே வேடிக்கை பார்த்த வெட்கத்தில், இன்னொரு தரம் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். படியிலோ முட்டி இறங்க விடவில்லை. செல்வி வராந்தாவில் பாய் போட்டாள். அம்மாளும் மாடும் ஒரே கூடத்தில் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் முனுசாமி இரண்டு ஆட்களுடன் காம்பவுண்டுக்குப் பின்னால் போய், தாம் உடைத்துக் கொட்டிய கட்டிகளைச் சுமக்க ஆரம்பித்தார். கிரானைட் படிகளின்மேல் அவற்றை அடுக்கி, சந்துகளில் செங்கல் ஜல்லி போட்டு இடித்தார்.

பூவராகவன் ஓடிவந்தார். “கிரானைட் நாசமாப் பூடும் மேஸ்திரி.”

“பூடும்.”

“அய்ய, மறுபடியும் ஆஸ்பத்திரி கணக்கா ஆயிடுமே.”

“அங்க நிக்கிற ஒன் காரை எடு மொதலாளி,” என்றார் முனுசாமி. “சரிவு நீட்டமா வந்தாதான் மாடு நம்பும். போர்ட்டிகோ பூரா வேணும்.”

பூவராகவன் வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாடியிலிருந்து அவர் தாயார் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் சாவியைத் தேடிக்கொண்டு போனார்.

கட்டிகளில் சிலவற்றில் பழைய கோடுகள் அப்படியே இருந்தன. முனுசாமி அவற்றின்மேல் சாண் வைத்துப் பார்த்து, இடைவெளியை மனத்தில் வாங்கிக்கொண்டார். மேலே கலவை போட்டு, மணியாசுக் கட்டையால் தேய்த்து, கம்பியால் கோடு கிழித்து முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இரவெல்லாம் இறுகட்டும் என்று விட்டுவிட்டார். விடிந்ததும் சாக்கை விரித்து மேலே வைக்கோல் தூவினார்.

செல்வி கன்றோடு முன்னால் நடந்தாள். பசு சரிவின் தலைப்பில் நின்று மோந்து பார்த்தது. காலை வைத்து எடுத்தது, மறுபடி வைத்தது. குளம்பு சாக்கோடு சேர்ந்து கோட்டில் பதிந்து நின்றது. அடுத்த காலை வைத்தது. நடுச்சரிவில் ஒருமுறை நின்று மூத்திரம் பெய்தது. பிறகு அவசரமே இல்லாமல் இறங்கி, போர்ட்டிகோவைத் தாண்டி, ரோட்டோரம் செல்வி காட்டிய புல்லில் வாய் வைத்தது. செல்வி அதன் நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. ஆனால் மூன்று நாளாக முறுக்கிக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்து ஜானகியம்மாள் இறங்கினாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடு வந்த தடத்திலேயே, யார் தோளும் இல்லாமல் வந்து நின்றாள்.

“இத்த எவனாச்சும் ஒடைச்சான்னா நான் வயக்காட்டு ஊட்டுக்கே போயிருவேன்,” என்றாள் மகனிடம். “மிச்சம் இருக்கற ஊட்டுக்காரனுங்கோ மட்டும் பசு இல்லாம பால் காய்ச்சுவானுங்கோளா?”

பூவராகவன் தலையாட்டினார்.

முனுசாமி கரணையைக் கழுவித் துடைத்தார். சாக்கை ஒரு முனையில் தூக்கி, குளம்புபட்டு எங்காவது ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு தண்ணீர்க் குழாயின் ரப்பர் டியூபை எடுத்து, பட்டுக்கரை வேட்டியோடு நின்ற பூவராகவன் கையில் திணித்தார்.

“இந்தா மொதலாளி, ஒப்படைச்சிட்டேன். காலைல சாயங்காலம் தண்ணி வுடு. காய வுட்டே, வெடிச்சிரும்.”