இடது பக்க ஸ்பீக்கர்

எங்கள் தெருவில் ஹோம் தியேட்டர் ஒன்றை முதன்முதலாக ஒழுங்காக மாட்டியவள் நான்தான். அப்போது ஆறாம் வகுப்பு. அன்றைக்கு என் திறமைமேல் எனக்கிருந்த நம்பிக்கை, இன்று நான் செய்கிற எந்த வேலையிலும் இல்லை.

அந்த ஹோம் தியேட்டர் செட் என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. கல்யாணத்துக்கு அவருடைய கூட்டாளிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பாகூரில் அவர் வீடு கட்டி முடிக்கும்வரை, வில்லியனூர் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கியவர் சும்மா போகவில்லை. ஐந்து ஸ்பீக்கரையும் டிவிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிறுத்தினார். உறுமல் சத்தத்துக்கான பெரிய பெட்டியைச் சுவர் மூலையில் தள்ளினார். பாட்டுப் போட்டதும் சமையலறையில் இருந்த எவர்சில்வர் தட்டுகளும் கூடச் சேர்ந்து அதிர்ந்தன.

"எப்டி? தியேட்டரு தோத்துது பாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவருடைய பைக் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எல்லா ஒயரையும் பிடுங்கினேன்.

அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. மாமா அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. அதில் படம் போட்டே காட்டியிருந்தார்கள்: நடுவில் ஒரு நாற்காலி, முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. எல்லாம் உட்கார்ந்தவரின் காது உயரத்துக்கு வரவேண்டும். இடதும் வலதும் நாற்காலியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். அம்மாவின் தையல் டேப்பால் அளந்து சுவரில் பென்சிலால் குறித்தேன். அப்பா வேன் ஓட்டுகிறவர், அன்று லீவு. நான் காட்டிய இடத்திலெல்லாம் மறுபேச்சில்லாமல் ஆணி அடித்தார். பெரிய பெட்டியை மூலையிலிருந்து இழுத்து வைத்தேன், தட்டுகள் அடங்கின. வெறும் சுவரில் மோதி சத்தம் திரும்பி வந்தது. அங்கே ஒரு போர்வையை மாட்டினேன், அதுவும் அடங்கியது. இதற்குமேல் உலகத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று தோன்றியது.

முதல் ஆளாக அம்மாவைத்தான் கூப்பிட்டேன். அம்மா சேதராப்பட்டில் தகடு அடிக்கிற கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை பார்த்தாள். ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரிமோட்டில் ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டு வரும். எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கச் சொன்னேன். முதல் சுற்றில் அம்மா எல்லாவற்றுக்கும் சரியாகத் தூக்கினாள். அப்புறம்தான் கவனித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணை. எந்த ஸ்பீக்கர் இரைந்ததோ அதை நான் பார்த்தேன், நான் பார்த்த பக்கம் அவள் கையைத் தூக்கினாள்.

"என் மூஞ்சப் பாக்காதம்மா. கண்ண மூடு."

"இன்னாடி இது வெளாட்டு? அடுப்புல கொழம்பு கொதிக்குது."

"ஒரே தடவ."

கண்ணை மூடினாள். வலது பக்கம் இரைந்தது, வலது கை உயர்ந்தது. பின்பக்கம் வலது, சரி. பின்பக்கம் இடது இரைந்தது. இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. முன்பக்கம் இடதுக்கும் அப்படியே.

"இந்தப் பக்கம் ஓடலியேடி" என்றாள் அம்மா.

எனக்கு மானம் போனது. இடது ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இரைந்தது. இடதைக் கழற்றி வலது பக்கம் மாட்டினேன், வலதை இடது பக்கம் மாட்டினேன். மறுபடியும் வலது கைதான் உயர்ந்தது. சத்தத்தைக் கூட்டினேன்.

"எனக்கு நல்லா கேக்குதே" என்று உள்ளேயிருந்து அப்பா எழுந்து வந்தார்.

"நீ ஒழுங்காவே கவனிக்க மாட்ற!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டு, ஒயரை மாற்ற செட்டை அணைத்தேன்.

"இப்போ கேக்குது. நல்லா கேக்குதுடி, போதும்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

அப்பா அணைந்த செட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவளுடைய வலது காதைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மூடினார். "திரும்ப வை" என்று என்னிடம் சொன்னார். வைத்தேன். இடது பக்கம் வீடே இரைந்தது. அம்மா அசையாமல் இருந்தாள்.

"வச்சிட்டியா?" என்று கேட்டாள்.

அப்பா கையை எடுத்தார். "எத்தினி நாளா?"

"கம்பெனில தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. அதான் சொல்லல" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஆறு வருஷமாக அவளுக்கு இடது கைப்பக்கம் நின்ற மெஷின் அந்தக் காதை முழுக்கத் தின்றுவிட்டிருந்தது. வலதிலும் கை வைக்கத் தொடங்கியிருந்தது; அதனால்தான் இடது பக்கத்து இரைச்சல் அந்தக் காதுக்கும் எட்டவில்லை. இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் டாக்டர். அம்மா பயந்த மாதிரி நிறுத்தவில்லை. அப்பா டாக்டர் சீட்டோடு கம்பெனி வாசலில் மூன்று நாள் நின்றார், பேக்கிங் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். வலது காது தப்பித்தது. இன்றும் அந்தக் காதில்தான் அம்மா என்னோடு போனில் பேசுகிறாள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், என் வேலையில் தப்பில்லை என்பது ஒன்றுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, நீ வச்சது எல்லாமே தப்பு. நான் புக்கப் பாத்து கரெக்டா மாட்டிட்டேன். ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல, அம்மா காதுலதான் கோளாறு. அப்பாவே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாரு!"

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மாமா தோற்றுப்போன கோபத்தில் இருக்கிறார், இல்லை லைன்தான் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா? மாமா, கேக்குதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டிருந்தேன்.