ஸ்பீக்கரில் பேசிய அம்மா

ஒரு மாதமாகத் தினமும் ஏழெட்டு அழைப்புகள் வந்தன. நான் வாங்காத கடனைக் கட்டச் சொன்னார்கள். மறுத்தால் ஆபீசுக்கே ஆள் அனுப்புவோம் என்றார்கள். யார் காதிலும் விழாதபடி மறுத்துவிட்டு வைத்துவிடுவேன்.

ஒரு நாள் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் அப்படித்தான் பேசி முடித்தேன். பக்கத்திலிருந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் தூய்மைப் பணியாளர் கோட்டு, நெற்றியில் அகலமான பொட்டு. சற்று நேரத்தில் அவருடைய போனும் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்தார்.

"லோனைக் கட்றியா, உன் தெருவுக்கே வந்து சொல்லட்டா?" என்றது ஒரு குரல்.

"சொல்லு நைனா. இங்க ஆட்டோவுல ஆறு பேரு கேட்டுக்கினு கீறாங்க. நான் வாங்கல. நான் கையெழுத்துப் போட்ட பேப்பர் கீதுன்னா எடுத்துனு வா."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஒளிச்சுப் பேசுனா நாமளே வாங்குன மாதிரி ஆயிடும்பா. அவன் வந்து சொல்றதுக்குள்ள தெருவுல நானே சொல்லிட்டேன்."

தண்டையார்பேட்டையில் இறங்குமுன் போனைப் பையில் போட முயன்றார். கை நடுங்கியதால் இரண்டு தடவை தவறியது.

அன்று மதியம் ஆபீசில் அதே அழைப்பு வந்தது. ஸ்பீக்கரைப் போட்டேன். எல்லோரும் கேட்க, கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டச் சொன்னேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பிறகு அடுத்த மேசைக்காரர், "எனக்கும் வருது சார். வீட்ல கூடச் சொல்லல" என்றார்.

அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா எப்படிக் குரல் பிசகாமல் பேசினார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.