ஆடியில் முடிந்த பிளான்

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவான ஒரு பெட்டி இருக்கிறது. வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அது காட்டும். சும்மா இருந்தால் பச்சையாக ஒளிரும். தேநீருக்குக் கேத்தலைப் போட்டால் மஞ்சளாகும். அந்த நேரம் பார்த்து மின்னடுப்பையும் போட்டால் சிவந்துவிடும். சாமிகள்கூட எங்களை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில்லை. காலையில் எழுந்ததும் என் மனைவி வதனி முதலில் கும்பிடுவது எதை என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். இங்கே மின்சாரத்துக்கும், வீட்டைச் சூடாக்கும் காஸுக்கும் ஒரு கம்பனியோடு ஒன்றிரண்டு வருடத்துக்கு விலையைக் கட்டிவைக்கலாம். ஃபிக்ஸ்ட் பிளான் என்பார்கள். தவணை முடிய முன்னமே கம்பனி அறிவிக்கும்: அடுத்த பிளானைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது வேறு கம்பனிக்குப் போங்கள், கடைசிச் சில வாரங்களில் விலகினால் அபராதமும் இல்லை. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் யாரும் வந்து வயரை அறுக்கமாட்டார்கள். ஏறி இறங்கும் சாதாரண விலைக்குள் சத்தமில்லாமல் தள்ளிவிடுவார்கள். இந்த நாட்டில் தண்டனைகள் எல்லாம் மரியாதையானவை. யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில், வருடக்கணக்காக மின்சாரமே இருக்கவில்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்தோம். அதுவும் ஒருவகை ஃபிக்ஸ்ட் பிளான்தான். முடியப்போகிறது என்று யாரும் முன்னறிவித்தல் தரவில்லை.

எங்கள் பிளான் ஆடி மாதத்தில் முடிந்தது. அதுதான் வினை. வதனியின் அப்பா, என் மாமா, மாமி செத்தபிறகு ஊரிலிருந்து வந்து எங்கள் பின்னறையில் இருக்கிறார். பஞ்சாங்கம் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டார். ஆடிக்கூழைக் குடித்தபடி நான் கணினியில் விலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். நல்ல விலை ஒன்று அகப்பட்டிருந்தது.

"ஆடியிலை புதுசா ஒண்டும் துவங்கப்படாது தம்பி. ஆவணி பிறக்கட்டும், நாள் பாத்துச் செய்வம்."

நான் பகுத்தறிவுவாதி. அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். ஆனால் சோம்பேறித்தனத்துக்குச் சாத்திரமே துணைக்கு வரும்போது எதிர்த்து வாதாடும் அளவுக்குத் தீவிரமானவன் இல்லை. கணினியை மூடிவிட்டு இன்னொரு கோப்பை கூழ் வாங்கினேன்.

ஆவணியில், ராகுகாலம் தவிர்த்து, மாமா குறித்துத் தந்த நேரத்தில் கம்பனிக்கு ஃபோன் எடுத்தேன். நான் பார்த்துவைத்த விலை போய்விட்டது. இருப்பது அதைவிடக் கூடின விலை. ஏன் போன மாதமே எடுக்கவில்லை என்று ஃபோனில் பேசிய கம்பனிப் பெண் அன்பாகக் கேட்டாள். அது எங்கள் குடும்பத்துக்கு ஆகாத மாதம், அந்த நாட்களில் நாங்கள் ஒரு காரியமும் செய்வதில்லை என்றேன். பிறகு, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றாள். துக்கத்தில் இருப்பவர்களைக் கவனிக்கத் தனிப்பிரிவு இருக்கிறதாம், இணைத்துவிடட்டுமா என்றாள். செத்தது யாரென்று கேட்டால் நான் எதைச் சொல்வது? நன்றி சொல்லி ஃபோனை வைத்தேன். விலை இறங்கும் என்று காத்திருந்தோம். குளிர் முந்திக்கொண்டது.

குளிர்காலத்து முதல் பில்லை வதனி சத்தமாக வாசித்தாள், பின்னறைக்குக் கேட்கும்படியாக. "அப்பாவின்ரை நல்ல நாள் நல்லாத்தான் வேலை செய்யுது." மாமா குளிக்கப் போன நேரம் நான் பின்னறை ஹீட்டரின் குமிழை ஆகக் குறைவுக்குத் திருப்பிவைத்தேன். மறுநாள் பார்த்தால் அதை அவரே முற்றாக நிறுத்தியிருந்தார். புரிந்துகொள்ளும் மனிதர் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். வால்தம்ஸ்டோவில் இருக்கும் வதனியின் தம்பி சுதனிடம், குளிர் முடியும்வரை அவரை வைத்திருக்க ஏலுமா என்று கேட்டேன். "எங்களுக்கும் அடுத்த மாசம் பிளான் முடியுது அத்தான்," என்றான். ஒரு மனிதரை இரண்டு வீடுகளும் காஸ் பில்லின் பின்னிணைப்பாகவே கதைத்தோம். பின்னிணைப்பு கோட்டும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு மாமா காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போகத் தொடங்கினார். வயதானவர்களுக்கு இங்கே பயணம் இலவசம். நூலகத்துக்கு என்று சொன்னார். நடப்பது உடம்புக்கு நல்லது என்று உற்சாகப்படுத்தினோம். பகலெல்லாம் பெட்டி பச்சையாகவே இருந்தது.

உண்மை மரக்கறிக் கடையில் வெளிவந்தது. ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா வதனியைப் பிடித்துக்கொண்டாராம்: "அப்பா ஊருக்குப் போட்டாரே? ஹீத்ரோவிலை கண்டனான். ஒரு சொல்லுச் சொல்லாமல் அனுப்பிப்போட்டியள்." வதனி அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். தகப்பனுக்குக் குளிர்ந்திருக்குமே என்று அழுகிறாள் என நினைத்தேன். "சனம் என்ன கதைக்கும்? போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோப்பா, வேறை ஆரும் காண முதல்," என்றாள்.

இல்ஃபோர்டில் ஏறினால் எலிசபெத் லைன் ரயில் ஹீத்ரோவுக்குக் கொண்டுபோய் விடும். வந்திறங்குபவர்களுக்காக ஆட்கள் காத்திருக்கும் மண்டபத்தில் மாமா இருந்தார். கோட்டு, மஃப்ளர், கையுறை எல்லாவற்றையும் கழற்றி ஒழுங்காக மடித்துப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தார். அரைக்கைச் சட்டை. அவருடைய கைகளைக் குளிர் தொடங்கியபின் நான் கண்டதேயில்லை, மெலிந்துபோயிருந்தன. என்னைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம்விட்டார்.

"கோட்டைக் கழட்டும் தம்பி. இஞ்சை சூடு ஆரோ கட்டுற காசு."

உங்கள் அறை ஹீட்டரைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன், வீட்டுக்குப் போவோம் என்றேன். போடவில்லை. போகும் வழியில் வதனிக்கு ஃபோன் எடுத்துப் போடச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, எச்சில் தொட்டு, நிதானமாகப் புரட்டினார்.

"இண்டைக்கு அட்டமி. வீடு புக நாள் சரியில்லை."

"நாளைக்கு?"

"நாளைக்கு நவமி."

முகத்தில் சிரிப்பு இல்லை. ஆடியில் ஒத்துக்கொண்டவன் அட்டமியில் எந்த வாயால் மறுப்பது? கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். நல்ல சூடு.

தரையைத் துடைத்துக்கொண்டு வந்த ஒருவர், எங்களிடம் பெட்டி படுக்கை ஒன்றும் இல்லாததைப் பார்த்து, யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மாமாவைக் காட்டினேன். மாமா என்னைக் காட்டினார். அவர் குழம்பிப்போய் எங்கள் கால்களைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

கதவு திறந்து கொழும்பு விமானத்துச் சனம் வெளியே வந்தது. எல்லோரும் பெட்டி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு அவசர அவசரமாகக் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் எங்கள் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.